பட்டனை அல்ல, பக்கச்சுவரைப் பாருங்கள்

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், கற்கள் நகர்ந்த தடங்களுக்குப் பேர்போன ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. யூபிஹீபி எரிமலைவாய்ப் பக்கமிருந்து அங்கே போகும் கரடுமுரடான சாலையின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர். அந்தப் பாதையில் பெரிய ஆபத்து டயரைக் கிழிக்கும் கூர்மையான கற்கள்தான். உறுதியான டயர்களும் முழு அளவு ஸ்டெப்னியும் தேவை என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. உதவிக்கு அழைக்கக் கைப்பேசி சிக்னலும் கிடைக்காது. இப்படிப்பட்ட பாறைப் பாலைக்கு டயர் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது தரையைத் தொடும் பட்டனின் ஆழத்தையும் முரட்டுத் தோற்றத்தையும். முதலில் பார்க்க வேண்டியது பக்கச்சுவரை.

காரணம் டயரின் அமைப்பிலேயே இருக்கிறது. தரையில் உருளும் பகுதியில் தடித்த ரப்பரும் அதனடியில் எஃகுப் பட்டைகளும் உண்டு. அங்கே ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவரிலோ பெரும்பாலும் ஓரிரு நூலடுக்குகளும் மெல்லிய ரப்பரும்தான். அது கிழிந்தால் நம்பி ஓட்டக்கூடிய பழுதுபார்ப்பு கிடையாது. டயரையே மாற்ற வேண்டும். ஆகவே இலகுரக லாரிகளுக்கான 'எல்டி' குறியீடு, மூன்றடுக்குப் பக்கச்சுவர், வண்டியின் எடைக்கேற்ற சுமைத்தரம் ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். சி, டி, இ என்ற தரங்கள் முறையே 6, 8, 10 பிளை (அடுக்கு) வலிமையைக் குறிப்பவை. உள்ளே அத்தனை அடுக்குகள் இருப்பதாகப் பொருளல்ல. டயரின் வெளி அளவை மாற்றாமல் சிறிய ரிம் போட்டால் பக்கச்சுவர் உயரும். கல்லில் மோதும்போது ரிம்முக்குக் கூடுதல் பாதுகாப்பு.

சேற்று டயரே எல்லாவற்றுக்கும் மேலானது என்பார்கள். பெரிய பாறைகளில் ஏறி இறங்குவோருக்கு அது கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் அகன்ற இடைவெளிகள் சேற்றை உதறுவதற்கானவை. சரளைக்கல் பாதையில் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு, பட்டன்கள் நெருக்கமாக அமைந்த ஆல்-டெரெய்ன் டயரே பொருத்தம். தார்ச்சாலையிலும் இரைச்சல் குறைவு. தடித்த டயர் விலை அதிகம், குலுக்கும், எரிபொருள் குடிக்கும் என்ற குறையும் நியாயமானதே. அதனால்தான் எடை குறைந்த ஜீப்புக்கு 'இ' தரத்தைத் திணிக்க வேண்டாம். பல நேரங்களில் 'சி' போதும். வருடம் முழுக்க நகரச் சாலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்தச் செலவே வேண்டாம். பாலைக்குள் போகிறவருக்கோ, இழுவை வண்டிக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் விலை பெரிதல்ல.

நல்ல டயர் வாங்கியதோடு பொறுப்பு முடிவதில்லை. நெடுஞ்சாலைக்கான காற்றழுத்தத்தோடு கல்லில் ஏறினால், விறைத்த டயர் வளைந்து கொடுக்காமல் அடியை முழுதாக வாங்கும். சில பவுண்டுகள் குறைத்தால் கல்லின் மேல் படிந்து போகும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ பக்கச்சுவர் பிதுங்கிக் கூர்முனைக்கு இரையாகும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பாவிட்டால், வேகத்தில் சூடேறி டயர் வெடிக்கவும் கூடும். எனவே அழுத்தமானியும் காற்றடிக்கும் கருவியும் டயரோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. கடையில் பட்டனைத் தடவிப் பார்க்கும் கை, பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் தேடட்டும். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து நம்மையும் உடன் வருபவர்களையும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.