கருவி அறிந்து கழற்றுக

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் சாந்திபுரத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்க விரும்பிச் சென்ற மாதம் என்னிடம் வந்தார். தாயாரின் வளையல்களை அடகு வைத்துப் பெற்ற பணம் அவர் கையில் இருந்தது. நூறு கருவிகள் அடங்கிய பளபளப்பான பெட்டி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டார். "தம்பி, அதற்குமுன் என் அலமாரியில் உள்ள ஒரு பொருளைப் பார்த்துவிடு" என்றேன். அவரிடம் சொன்னதையே இம்மாதம் வாசகர்களுக்கும் எழுதுகிறேன்.

அப்பொருள் ஒரு பழைய புல்லட்டின் சிலிண்டர் ஹெட். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்த என் தந்தையார், அந்த வண்டியில் ஊர் ஊராகச் சென்று துணி விற்றே எங்களைப் படிக்க வைத்தார். ரயில்வே குமாஸ்தாவாகிய நான், ஒரு விடுமுறையில் அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து அவரை மகிழ்விக்க எண்ணினேன். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும் என்று எவரோ சொன்னதை நம்பி, அலுமினிய ஹெட்டைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரவு முழுதும் ஊற வைத்தேன். காலையில் அது கறுத்து அரிக்கப்பட்டுக் கிடந்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். தந்தையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு சொல்லும் கூறாமல் உள்ளே சென்றார்.

ஆதலால் துப்புரவுச் சாதனங்களே முதற் செலவாகட்டும். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. மண்ணெண்ணெய் அல்லது டீசல், அகன்ற தட்டு, மயிர்த் தூரிகை, பித்தளைக் கம்பித் தூரிகை ஆகியவை போதும். பெட்ரோலில் கழுவுதல் தீ விபத்தை அழைப்பதாகும். பிஸ்டன் தலையில் படிந்த கரியை மூங்கில் பட்டையால் சுரண்டுக. இரும்பு முனை அலுமினியத்தைக் கீறிவிடும். சிலிண்டரைப் போரிங் செய்து வாங்கியதும், வெள்ளைத் துணியில் கறை படியாத வரையில் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவுக. வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், ஈரத்தைத் துடைத்து உடனே எண்ணெய் தடவுக.

அடுத்தது ஸ்பானர். இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. அதன் பழைய புல்லட்டுகளில் ஆங்கிலேய அளவு மரைகள் பல உண்டு. ஜோசப் விட்வொர்த் என்பார் 1841-ல் வகுத்த முறையைச் சார்ந்தவை அவை. கால் அங்குல விட்வொர்த் ஸ்பானர் என்றால் அதன் வாய் கால் அங்குலம் அன்று; 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13 எண் ஸ்பானர் நுழையாது. 14 எண் ஸ்பானர் தளர்ந்து, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். நூறு கருவிகள் உள்ள பெட்டியிலும் இந்த ஒன்று இல்லாமற் போகலாம். எனவே முதலில் வெர்னியரால் நட்டை அளந்து, பிறகு கடைக்குச் செல்க. ரிங் ஸ்பானரோ பாக்ஸ் ஸ்பானரோ நுழையும் இடத்தில் திறந்த வாய் ஸ்பானரைத் தொடாதிருத்தல் நன்று.

மீண்டும் பூட்டுவதற்கு மூன்று கருவிகள் இன்றியமையாதவை. இறுகிய பாகத்தைச் சுத்தியலால் அடிக்காமல் இழுத்தெடுக்கும் புல்லர் ஒன்று. குறித்த அளவே முடுக்கும் டார்க் ரெஞ்ச் மற்றொன்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் மூன்றாவது. பழைய 350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அளந்தால், அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதையே கொள்க. இடைவெளி போதாவிடில், சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியும், சிலிண்டரும் கீறுபடும்.

வேறொரு ஹெட்டைத் தேடி வாங்கிப் பொருத்தினோம். தந்தையார் இப்போதும் அவ்வண்டியில் குப்பம் சந்தைக்குச் சென்று வருகிறார். ஆயினும் பழைய ஹெட்டை நான் எறியவில்லை. அந்த இளைஞர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், பெட்டியை விடுத்து வேண்டிய கருவிகளை மட்டும் வாங்கினார் என்றும், மிஞ்சிய பணத்தில் ஒரு வளையலை மீட்டுத் தாயாரிடம் கொடுத்தார் என்றும் அறிந்தேன். பட்டறைக்கு இதனினும் நல்ல தொடக்கம் வேறில்லை.