பீரோவில் உறங்கும் ஹார்டு டிஸ்க்

பிரெஞ்சில் இதை 'திஸ்க் த்யூர்' என்பார்கள். த்யூர் என்றால் கடினம். தமிழிலும் வன்தட்டு. பெயரை நம்பித்தானோ என்னவோ, வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை இரும்புக்கட்டி மாதிரி பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே செருகி வைக்கிறார்கள். பேரனின் காதுகுத்து, கல்யாணப் படங்கள், ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். இந்த அலட்சியம் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

கழற்றிய டிஸ்க்கின் அடியில் சர்க்யூட் பலகை திறந்தே கிடக்கிறது. நம் விரலில் சேரும் நிலைமின்சாரம்கூட அதைக் கெடுத்துவிடலாம். ஆகவே ஓரங்களைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். சாதாரண பாலிதீன் கவர் உதவாது. உரசினால் அதுவே நிலைமின்சாரத்தை உண்டாக்கும். புது டிஸ்க் ஒரு பளபளக்கும் சாம்பல் நிறக் கவரில் வருகிறதே, அதுதான் ஆன்டி-ஸ்டேட்டிக் கவர். நாம் முதலில் குப்பையில் போடுவதும் அதைத்தான்! அதில் டிஸ்க்கைப் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் மெத்தென்று வைக்கலாம். ஈரத்துக்கு அரிசிப்பானை என்று சிலர் சொல்வார்கள். தூசியும் வண்டும்தான் மிச்சம். பெயர்ச்சீட்டு ஒட்டும்போது டிஸ்க்கின் மேலுள்ள சிறு காற்றுத்துளையை அடைத்துவிடக் கூடாது.

பீரோவின் அடித்தட்டும் ஆகாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கம் புகுந்ததும் அதற்குள் மறந்துவிடவில்லையே?

இவ்வளவு செய்தாலும், வைத்துவிட்டு மறப்பதுதான் பெரிய ஆபத்து. 9-ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேட்டை, நிருபதுங்கவர்மன் காலத்தது, இன்றும் படிக்க முடிகிறது. வெட்டிய எழுத்து; படிக்க இயந்திரம் வேண்டாம். டிஸ்க் அந்த ஜாதியல்ல, ஓலைச்சுவடி ஜாதி. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த நூல்கள் நம் கைக்கு வந்ததே, ஓலை செல்லரிக்கும் முன் யாரோ புது ஓலையில் பெயர்த்து எழுதிக்கொண்டே வந்ததால்தான். நாமும் சில வருஷங்களுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றி, இன்னொரு பிரதியை வேறு வீட்டில், மகள் வீட்டு மாடியிலாவது, வைக்க வேண்டும்.

இடையில் பொங்கலுக்கு பீரோ துடைக்கும்போது ஒருமுறை, ஆயுத பூசைக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில் மாட்டி, நாலு படங்களைத் திறந்து பாருங்கள். சந்தனப் பொட்டு மட்டும் வேண்டாம். டப்பாவுக்கு வைத்தால் போதும்.