ரெக்எக்ஸ்புக்கு வாரிசு எதற்கு?

ஜாவாஸ்கிரிப்டில் ‘கிளாஸ்’, ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ இரண்டும் 2015இல் வந்ததிலிருந்து புரோகிராமர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. உரையில் பேட்டர்ன்களைத் தேட மொழியிலேயே இருக்கும் ரெக்எக்ஸ்புக்கு ஒரு வாரிசு கிளாஸ் எழுதி, அதில் ‘எக்ஸெக்’ மெத்தடை மட்டும் மாற்றினால் போதுமாம். மற்றதெல்லாம் தானே ஒழுங்காகிவிடுமாம்.

இதில் பாதி உண்மை. டெஸ்ட், மேட்ச், ரீப்ளேஸ் மூன்றும் தேடும் வேலையை எக்ஸெக்கிடம்தான் ஒப்படைக்கின்றன. அந்தப் பாதியைப் பார்த்துவிட்டு மீதியையும் நம்புகிறார்கள்.

உதாரணமாக, ஒருவர் தம் பேட்டர்ன்களுக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டு, வாரிசின் கன்ஸ்ட்ரக்டரில் முதலில் பெயர், அடுத்து பேட்டர்ன் என்று எழுதுகிறார். காற்புள்ளியைத் தேடும் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி டெஸ்ட் செய்தால் சரியாக ஓடுகிறது. ‘சென்னை,மதுரை,கோவை’ என்பதை அதை வைத்து ஸ்ப்ளிட் செய்தால் மட்டும் மூன்று ஊர்கள் கிடைப்பதில்லை. முழுவதும் ஒரே துண்டாகத் திரும்பி வருகிறது. எரர் கூடக் காட்டாது. ஸ்ப்ளிட், கொடுத்த ஆப்ஜெக்டை வைத்துத் தேடுவதில்லை. அதே கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை அழைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அப்போது முதல் இடத்தில் பழைய ஆப்ஜெக்டையும் இரண்டாம் இடத்தில் ‘ஒய்’ என்ற ஃபிளாகையும் அனுப்புகிறது. வாரிசோ அந்த ஒய்யையே பேட்டர்ன் என்று எடுத்துக்கொண்டு, சென்னையிலும் மதுரையிலும் ஆங்கில ஒய்யைத் தேடி ஏமாறுகிறது.

வேகமும் அடிபடும். குரோமிலும் நோடிலும் இயங்கும் வி8 இன்ஜின், யாரும் கைவைக்காத ரெக்எக்ஸ்புக்குக் குறுக்குவழி வைத்திருக்கிறது. எக்ஸெக்கை மாற்றிவிட்டால் அது மூடப்பட்டு, ஒவ்வொரு படியையும் விதிப்படி சரிபார்க்கும் நீண்ட வழிதான். இரு சாய்கோடுகளுக்கு இடையே எழுதும் பேட்டர்ன்களுக்கோ இந்த வாரிசால் ஒரு பயனும் இல்லை. அவை எப்போதும் மூல ரெக்எக்ஸ்பாகவே பிறக்கின்றன.

மொழியின் விதிகளை வகுக்கும் டிசி39 குழுவிலேயே, இப்படி இடையில் புகுந்து மாற்றும் வசதிகளை நீக்கலாமா என்று ஒரு முன்மொழிவு வந்தது. இன்ஜின்களில் பாதுகாப்பு ஓட்டைகளுக்கும் தேவையற்ற சிக்கலுக்கும் அவை இடமளிக்கின்றன என்பதே அதன் வாதம்.

‘புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசர்களுக்கு ஏற்ப மாற்றித் தரும் பேபல், ரெக்எக்ஸ்புக்கு வாரிசு எழுதுகிறதே?’ என்று கேட்கலாம். செய்கிறதுதான். பேட்டர்னுக்குள் பெயரிட்ட குரூப்கள் 2018இல்தான் மொழிக்குள் வந்தன. அவற்றை அறியாத பழைய பிரவுசர்களுக்காகப் பேபல் ஒரு வாரிசை உருவாக்குகிறது. ஆனால் எக்ஸெக்கோடு அது நிற்கவில்லை. ரீப்ளேஸ் செய்யும் பகுதியையும் தனியே மாற்றி எழுதியிருக்கிறது. ஒரு மெத்தட் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

பெயரும் பேட்டர்னும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டையும் சாதாரண ஆப்ஜெக்ட் ஒன்றில் தனித்தனியே வைத்து, ஸ்ப்ளிட்டுக்கு உள்ளிருக்கும் ரெக்எக்ஸ்பை மட்டும் கொடுக்கலாம். இரண்டு வரியில் முடிகிற வேலை.