மணலை விற்பதா, அறிவை வளர்ப்பதா?

டயகம, அக்கரப்பத்தனை மலைகளில் ஊறும் நீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, பின்னர் மகாவலியோடு கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றது. அந்நீர் வெறுங்கையோடு செல்வதில்லை. மத்திய மலைநாட்டுப் பாறைகள் காலங்காலமாகத் தேய்ந்து உதிர்த்த பாரமான கனியத் துகள்களையும் சுமந்தே செல்கின்றது. அத்துகள்களைக் கடல் நீரோட்டமும் அலைகளும் வடக்கு நோக்கி ஒதுக்கிச் சேர்த்ததன் விளைவே புல்மோட்டையின் கரிய மணல் என்பது புவியியலாளர் பலரின் கருத்தாகும். ஆக, தோட்டத் தமிழரின் மலையும், முஸ்லிம்களும் தமிழரும் வாழும் கிழக்குக் கரையும் ஒரே நதியால் பிணைக்கப்பட்டவை. இவ்விரு முனைகளிலும் வாழ்வோருக்கு இன்னுமோர் ஒற்றுமையும் உண்டு. இரு தரப்பினரது மண்ணிலிருந்தும் மூலப்பொருளே வெளியே செல்கின்றது. அதன் பெறுமதியோ வேறெங்கோ உயர்கின்றது.

புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், மொனசைட் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. இதற்கென 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1992இல் அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச கம்பனியாக மாற்றப்பட்டது. ஏறக்குறைய 7 தசாப்தங்கள் கடந்துவிட்ட போதிலும், மணலைக் கழுவி, காந்தத்தாலும் மின்புலத்தாலும் கனியங்களைப் பிரித்துக் கப்பலேற்றுவதே எமது பிரதான தொழிலாக இருந்து வருகின்றது. இல்மனைட் என்பது இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனோடு இணைந்த பொருள். இயற்கையே ஆக்கித் தந்த ஒரு கலப்பு உலோக ஒட்சைட்டு அது. அதனை மலிவாக அனுப்பிவிட்டு, அதிலிருந்து பெறப்படும் வெண்ணிறத் தைத்தானியம் ஈரொட்சைட்டைப் பூச்சு வகைகளிலும் பிளாஸ்திக்கிலும் பற்பசையிலும் அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்குகின்றோம்.

கலப்பு உலோக ஒட்சைட்டுகள் இன்றைய உலகின் முதுகெலும்பு எனில் மிகையாகாது. கையடக்கத் தொலைபேசி ஒவ்வொன்றிலும் உள்ள நூற்றுக்கணக்கான நுண் கொள்ளளவிகள் பேரியம் தைத்தனேற்றினால் ஆனவை. வாகனப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிகளில் சீரியமும் சேர்க்கோனியமும் கலந்த ஒட்சைட்டு பயன்படுகின்றது. சீரியம் மொனசைட்டிலும் சேர்க்கோனியம் சிர்கோனிலும் உள்ளவை என்பதும், இரண்டும் எமது மணலில் இருப்பவை என்பதும் சிந்தனைக்குரியன.

இவற்றை ஆக்கும் பழைய முறை, வெவ்வேறு உலோகங்களின் தூள்களை ஒன்றாக அரைத்து, 1,000 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ பல மணிநேரம் சூடாக்குவதாகும். எவ்வளவு அரைத்தாலும் தூளோடு தூள்தான் கலக்கும். அணுவோடு அணு கலப்பது அரிது. இக்குறையை நீக்கும் வழியொன்றுக்கு அமெரிக்காவின் ஸ்பிராக் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த மாஜியோ பெச்சினி 1967இல் காப்புரிமை பெற்றார். உலோக உப்புகள் கரைசலாக்கப்படுகின்றன. எலுமிச்சையில் இயல்பாகவே உள்ள சித்திரிக் அமிலம் உலோக அயன்களைப் பற்றிக்கொள்கின்றது. எதிலீன் கிளைக்கோல் சேர்த்துச் சூடாக்கும்போது கரைசல் இறுகிப் பல்பகுதியப் பிசினாகின்றது. அவ்வலையினுள் உலோக அயன்கள் ஒன்றோடொன்று நெருங்கி, இடம்பெயர முடியாது சிக்கிக்கொள்கின்றன. பின்னர் சில நூறு பாகை வெப்பத்திலேயே பிசின் எரிந்து நீங்க, எஞ்சுவது மிக நுண்ணிய, சீரான கலப்பு ஒட்சைட்டுத் தூளாகும். பொலிவைனைல் அற்ககோல் போன்ற ஆயத்தப் பல்பகுதியங்களை உப்புக் கரைசலோடு கலந்தும் இதனைச் செய்யலாம்.

இம்முறை குறைகளற்றதன்று. எரிந்து போகும் சேதனப் பொருளின் அளவு, கிடைக்கும் ஒட்சைட்டைவிட அதிகம். நைத்திரேற்று உப்புகள் நச்சுப் புகையை வெளியிடும். கவனக்குறைவாயின் கலவை திடீரெனத் தீப்பற்றும். எனவே தொன் கணக்கில் மலிவாக ஆக்குவதற்கு வேறு முறைகளே ஏற்றவை. மேலும் இல்மனைட்டிலிருந்து தைத்தானியத்தைப் பிரிக்க வீரியமான அமிலங்கள் வேண்டும். கழிவும் பெருமளவில் சேரும். மொனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. ஆதலால், கண்ட இடத்தில் இரசாயனத் தொழிற்சாலை அமைக்கும்படி நாம் கூறவில்லை. நீரேந்து பிரதேசமான மலையகத்தில் அது கூடவே கூடாது. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்றாகும். இந்த அறிவைப் பயில்வதற்குக் கோடிக்கணக்கான ரூபா முதலீடு தேவையில்லை. உப்பு, அமிலம், தராசு, சிறியதோர் உலை, புகைபோக்கியுள்ள ஆய்வுகூடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் ஆகியோரும் ஆகியவையுமே போதும். "நாம் வறிய நாடு" என்ற சாக்கு இங்கே எடுபடாது.

அயலில் உள்ள தமிழ்நாடு இதற்குச் சான்று. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் வழங்கியதன் பயனாகக் காரைக்குடியில் 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இலிதியம் மின்கலங்களுக்கான கலப்பு ஒட்சைட்டுகளை ஆராய்ந்து வரும் அந்நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தவர், அம்பாசமுத்திரத்தில் தமிழ்மொழி மூலம் பள்ளிக் கல்வி கற்ற கலாநிதி கலைச்செல்வி. 2022இல் அவர் இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் முதலாவது பெண் தலைவரானார். இலிதியமும் கோபால்ட்டும் சேர்ந்த ஒட்சைட்டை 1980இல் மின்கலத்துக்கு உகந்ததாக்கிய ஜோன் குட்இனஃப் 2019இல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். சிற்றூரும் தாய்மொழியும் விஞ்ஞானத்துக்குத் தடையல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் டயகம போன்ற தோட்டப் பகுதிகளில் பிறக்கும் பிள்ளைக்கு இவ்வழி திறந்திருக்கின்றதா? தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும், உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் போதியளவில் இல்லை. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கின்றது. திறமையுள்ள பிள்ளைகள் வேறு வழியின்றிக் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றனர். வசதியற்றோர் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் செல்கின்றனர். கிழக்கின் பின்தங்கிய தமிழ், முஸ்லிம் கிராமங்களிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதன்று. மணலைப் போலவே பிள்ளைகளையும் பதப்படுத்தாது அனுப்பிவைக்கும் தேசமாக நாம் இருக்கின்றோம் என்பது கசப்பான உண்மையாகும்.

2008இல் அரசும் தனியார் துறையினரும் இணைந்து அமைத்த இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம், யூரியாவை மெதுவாக வெளியிடும் உரம் தொடர்பான ஆய்வை 2017இல் சர்வதேச சஞ்சிகையில் வெளியிட்டது. இந்நாட்டு விஞ்ஞானிகளால் முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. எனினும் அத்தகைய வாய்ப்புகள் மேல் மாகாணத்திலேயே குவிந்து கிடக்கின்றன. மறுபுறம், கனிய மணல் அகழ்வுக்கு எதிராக மன்னார் மக்கள் 2025இல் வீதிக்கு இறங்கினர். தமது நிலமும் நீரும் கரையும் போக, தமக்கு எஞ்சுவது என்ன என்பதே அவர்களது வினா. அது நியாயமான வினாவாகும்.

எனவே மூன்று விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவதாக, கனிய மணல் வருமானத்தில் ஒரு பங்கு, அகழ்வு நடைபெறும் பிரதேசங்களினதும் மலையகத்தினதும் பாடசாலை ஆய்வுகூடங்களுக்கும் விஞ்ஞான ஆசிரியர் நியமனங்களுக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, பேராதனை, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் இணைந்து, புல்மோட்டைக் கனியங்களிலிருந்து உயர் பெறுமதியுள்ள ஒட்சைட்டுகளைச் சிறிய அளவில் ஆக்கும் ஆய்வுகளை முன்னெடுக்க வேண்டும். மூன்றாவதாக, கழிவு முகாமைத்துவமும் அப்பிரதேச மக்களின் சம்மதமும் உறுதிப்படுத்தப்படாத எந்தத் திட்டமும் அனுமதிக்கப்படலாகாது.

பல்பகுதிய வலையினுள் வெவ்வேறு உலோகங்கள் அருகருகே நின்றதனாலேயே புதியதொரு பொருள் பிறக்கின்றது. தமிழ், முஸ்லிம் அரசியல் தலைமைகள் வாக்குக் கணக்குகளை ஒருபுறம் வைத்து, இப்பொதுக் கோரிக்கையிலேனும் அருகருகே நிற்க முன்வர வேண்டும். மலையிலிருந்து மணல் கரைக்குச் சென்று சேர யுகங்கள் ஆயின. எமது பிள்ளைகள் ஆய்வுகூடத்தைச் சென்றடைய அத்தனை காலம் காத்திருக்க முடியாது.