வருகைப் பதிவேடு சொல்லும் செய்தி

பரிசோதனைச் சாலையில் கருவியின் முள் சற்றே நடுங்கினாலும் ஏன் என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு கருவி உண்டு. வருகைப் பதிவேடுதான் அது. ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் அதன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறியை ஆண்டு முடிவில் கூட்டிக் கழிப்பதற்கன்றோ பயன்படுத்துகிறோம்!

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலை எண்ணியே இதை எழுதுகிறேன். தேயிலையும் ஏலமும் விளையும் அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்கள் தமிழர்கள். என் குடும்பமும் அவ்வழி வந்ததே. அங்கே ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமற்போக யானையும் ஒரு காரணம். அரிக்கொம்பன் அரிசிக்காகப் பன்னியார் எஸ்டேட்டு ரேஷன் கடையைப் பலமுறை உடைத்தது. 2023 ஏப்ரல் 29-இல் அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாடே அந்த யானையைப் பற்றிப் பேசிற்று. அதே வழியில் பள்ளிக்கு நடந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். இடத்துக்கே '301 காலனி' என்று பெயர் வந்தது. யானைக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. பெயர் மட்டும் நிற்கிறது.

மற்றக் காரணங்கள் யானையைப் போல் பிளிறுவதில்லை. குடி, கடன், தாயின் நோய், கைக்குழந்தையைப் பார்க்க ஆளின்மை. என்னோடு நான்காம் வகுப்பில் படித்த ஒருத்தி திங்கட்கிழமைகளில் வரமாட்டாள். 'மந்தம்' என்று ஒதுக்கினார்கள். ஞாயிறு இரவில் தகப்பன் குடித்துவிட்டு வந்தால், தாயும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் ஒண்டுவார்கள் என்பது லயம் முழுவதும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தெரியாது. ஏழாம் வகுப்போடு அவள் நின்றாள்.

வீட்டு விவகாரத்தில் பள்ளி தலையிடலாமா என்று கேட்போர் உண்டு. பசியும் வீட்டு விவகாரந்தானே! 1956-இல் காமராசர் மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தபோது, குடும்பத்தின் துன்பம் பள்ளியின் பொறுப்பு என்பதைத் தமிழ்நாடு ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் அவ்வழியில் வந்ததே.

கேரள அரசு கண்மூடி இருக்கிறது என்று சொன்னால் அது பொய். பல பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இடர்ப்படும் மாணவரை முன்னரே கண்டறிந்து உதவுவதற்கென்று ஓ.ஆர்.சி. என்றொரு திட்டம், அதற்குப் பள்ளிகளில் பொறுப்பாசிரியர். குழந்தைகள்மேல் நமக்குள்ள பொறுப்பு என்பது அப்பெயரின் பொருள். நல்ல ஏற்பாடுதான். என் கேள்வி ஒன்றே: எந்த மொழியில் கேட்பது? மலையாளம் மட்டுமே அறிந்த ஒருவர் கேட்டால், "ஒண்ணுமில்லைங்க டீச்சர்" என்று லயத்துத் தாய் முடித்துவிடுவாள். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலையாளம் அவளுக்குத் தெரியும்; கணவன் அடித்ததைச் சொல்ல அது போதாது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் 350-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பாடத்துக்குத் தாய்மொழி வேண்டுமென்றால் கண்ணீருக்கு வேண்டாமா?

நேரமும் ஒரு சிக்கல். பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் பகலில் வைக்கிறார்கள். கொழுந்து பறிப்பவள் வந்தால் அன்றைய கூலி போயிற்று. வராவிட்டால் அக்கறையில்லாதவள் என்ற பெயர். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலிலேயே கூட்டத்தை வைத்தால் என்ன? செலவு நான்கு பாய்தான்.

நம் சங்கத்தில் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் சிலராவது இருக்கிறோம். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் பள்ளியிலிருந்து ஒருவர் போகவேண்டும்; தோட்டப் பகுதியில் போகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும். இவ்விரண்டையும் கேட்டு இடுக்கிக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப, அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய யார் வருகிறீர்கள்?