கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. பண்டிகைக்குள் 6,000 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. ஆவிகளைக் கண்டு மிரண்ட கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ், இனி வருஷம் முழுக்க கிறிஸ்துமஸ் மனதோடு வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கிற கதை. நாம் நினைவில் வைத்திருப்பது வான்கோழியையும் மணியோசையையும்தான். ஆனால் வாக்குக்குச் சோதனை டிசம்பர் 26 காலையில் வருகிறது. குமாஸ்தா பாப் க்ராட்சிட் தாமதமாக ஓடி வருகிறார். ஒற்றைக் கரித்துண்டு கனலும் கணப்பு போதாமல் மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்த்துக்கொண்டே கடிதங்களை நகலெடுத்தவர் அவர். முதலாளி திட்டவில்லை, சம்பளத்தைக் கூட்டுகிறார். எழுத உட்காரும் முன் கணப்பை மூட்டு, இன்னொரு கரிக்கூடை வாங்கி வா என்கிறார். விருந்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கரிக்கூடைதான்.

டிக்கன்ஸுக்கு இந்த வறுமை கேள்விப்பட்ட விஷயமல்ல. தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்தபோது, 12 வயதுப் பையனாக ஷூ பாலிஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டியவர். 1843-ல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு விசாரணை அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். கதையாக்கினால் இன்னும் ஓங்கி அடிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

எல்லா முதலாளிகள் கனவிலும் ஆவி வருமா? 1833-ம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைப் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸையும் பெரிய வெள்ளியையும் முழு விடுமுறையாக்கியது. கூடவே எட்டு அரைநாள். மற்ற நாட்களில் 13 வயதுப் பையனை 12 மணி நேரம் வேலை வாங்கலாம். இந்தக் கணக்கைப் புரட்டிப் போடப் போராடியவர்கள் ரிச்சர்ட் ஓஸ்ட்லர், ஜான் ஃபீல்டன், ஆஷ்லி பிரபு, இவர்களோடு பெயர் தெரியாத ஆலைத் தொழிலாளர்கள். டிக்கன்ஸின் கதைதான் சாதித்தது என்பது ரசிகர்களின் மிகை. 1847-ல் பெண்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேர வரம்பு வந்தது. முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி அதை ஏய்த்தார்கள். 1850-ல் வந்த திருத்தம் அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. அதற்கு விலையாக வாரநாட்களில் அரை மணி நேர வேலை கூடியது. ஆனால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கிறிஸ்துமஸ் போன்ற சில நாட்களில் மட்டும் கிடைத்த ஓய்வில் ஒரு துண்டு வாராவாரம் வந்தது.

இந்தியாவுக்கு 1881-ல்தான் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இரக்கப்பட்டவர்களும் உண்டு, பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு கலங்கிய இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் உண்டு. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேலை கூடாது. 12 வயது வரை ஒன்பது மணி நேரம், மாதம் நான்கு நாள் விடுமுறை. பெரியவர்களின் வேலை நேரத்தைப் பற்றிப் பேச்சில்லை. பெண்களுக்கு 11 மணி நேர வரம்பும், வாரம் ஒரு நாள் ஓய்வும் வர 1891 ஆயிற்று.