புதுமனையும் இளங்குழந்தைகளும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவதிலுள்ள பாட்டை அது எடுத்துரைக்கிறது. கட்டிய வீட்டில் சிறு குழந்தைகளுடன் நிலைகொள்வதிலுள்ள பாட்டைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. நம் அங்கத்தினர் பலர், சங்கக் கடனாலும் அரசுத் திட்டங்களாலும், கீற்றுக் கூரையையும் ஓட்டுக் கூரையையும் விட்டுக் கான்கிரீட் வீடுகளுக்குக் குடிபெயர்ந்து வருகின்றனர். இது பெரிதும் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், பால் காய்ச்சிய மறுநாளே தறியை நாட்டுவதில் காட்டும் அக்கறையைக் குழந்தைக்கு இடம் வகுப்பதிலும் நாம் காட்டுகிறோமா? தறிக்கு முன் குழந்தைக்கு இடம் என்பதே நமது கருத்து.

பழைய தெருவில் குழந்தைக்குப் பல கண்கள் காவலாக இருந்தன. திண்ணையில் பாட்டி, தெருவில் பாவு நீட்டுவோர், முனைக் கடைக்காரர் என எவரேனும் ஒருவருடைய பார்வையில் அது எப்போதும் இருந்தது. எந்தப் படி வழுக்கும், எந்த மூலையில் அடுப்பு எரியும் என்பதும் அதற்குப் பழகியிருந்தது. ஊருக்கு வெளியே புதிதாக வகுத்த மனைகளில் அண்டை வீட்டார் யாரென்று அறியவே மாதங்கள் ஆகும். அதுவரை அக்காவலுக்கு ஈடாக வீட்டினுள்ளேயே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும்.

மத்திய அரசு 2016ஆம் ஆண்டு தொடங்கிய ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவுப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. சமையலிடமும் இதில் அடங்கும். அத்தகைய வீட்டினுள் குழித்தறியும் அமையுமானால், தவழும் குழந்தைக்கும் தறிக்குழிக்கும் இடையே சில அடித் தொலைவே எஞ்சும். ஆகவே, நெய்பவர் எழுந்தவுடன் குழியைப் பலகையிட்டு மூடுதல் வேண்டும். தறியிடத்துக்கும் புழங்குமிடத்துக்கும் நடுவே அரைக்கதவு ஒன்று நிறுத்துதல் நலம்.

சாயமிடுவோர் இல்லங்களில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போன்றே இருக்கும். ஒரு வாய் பருகினாலும் தொண்டையும் உணவுக் குழாயும் வெந்துவிடும். அதனைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது ஒருபோதும் ஆகாது. தவறிப் பருகிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே 108 வண்டியை அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். தண்ணீர் வாளியும் தொட்டியும்கூட இளங்குழந்தைக்கு அபாயமே. அவற்றை இறுக மூடிவைத்தால், டெங்குக் கொசு முட்டையிடுவதற்கும் இடமில்லாது போகும்.

விவசாய அங்கத்தினர் பலர் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியேறுகின்றனர். அங்கே கைப்பிடிச் சுவரில்லாத கிணறும், நீர் வற்றியதால் கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறும் வாசலுக்கு அருகிலேயே அமைந்துவிடுகின்றன. கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வழிமுறை வகுத்தது. அதன் பின்னரும் 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அத்தகைய குழியில் விழுந்து மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. குடிபுகும் நாளைக் குறிக்குமுன் அக்குழியை நிரப்புவதே முறை. சிவப்பு முக்கோணக் குறியிட்ட பூச்சிமருந்தை வீட்டினுள் வைக்காமல், புறத்தே பூட்டிய அறையில் வைத்தல் வேண்டும்.

உடலைக் காப்பதோடு குழந்தையின் மனத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய இடத்தில் முதற் சில இரவுகள் அது உறங்காமல் அழுவது இயல்பு. பழைய தூளியையும் பாயையும் கழித்துவிடாமல் உடன் கொண்டுவருதல் நன்று. தூளி கட்ட ஓட்டு வீட்டில் உத்திரம் இருந்தது. கான்கிரீட் வீட்டில் அதில்லை. தளம் போடும்போதே கொக்கி ஒன்று பதிக்குமாறு கொத்தனாரிடம் சொல்லிவைத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டி, புதிய பள்ளியில் சேர்ப்பதை மறுக்கவோ தள்ளிப்போடவோ 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடந்தரவில்லை. சிறியவர்களை அருகிலுள்ள அங்கன்வாடியில் முதல் வாரத்திலேயே பதிவு செய்தல் நலம்.

“இவற்றையெல்லாம் தாய் பார்த்துக்கொள்ள மாட்டாரா?” எனச் சிலர் வினவக்கூடும். நெசவுக் குடும்பத்தில் தாயும் தொழிலாளியே. தார் சுற்றும் கை, அதே வேளையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்க இயலாது. செலவைக் காரணமாகக் கூறுவதும் பொருந்தாது. குழி மூடியும் அரைக்கதவும் கட்டட வேலையில் மிஞ்சிய மரத்திலேயே ஆகிவிடும்.

இதில் சங்கங்களுக்கும் கடமை உண்டு. கடன் தவணை கொடுக்குமுன் சுவர் எழும்பியதா, தளம் முடிந்ததா என்று பார்வையிடுவோர், கடைசித் தவணையின்போது குழி மூடியையும் கிணற்றுச் சுவரையும் பார்த்துக் குறிப்பெழுதலாம். பத்து வீடுகள் சேர்ந்த புதுக்குடியிருப்பில், நாளுக்கு ஒரு வீட்டார் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சங்கமே தொடங்கிவைக்கலாம். பழைய தெரு தானாகத் தந்த காவலைப் புதிய தெருவில் நாம் கூடித்தான் உண்டாக்க வேண்டும். நூலுக்கும் உரத்துக்கும் கூடும் நாம், நம் மக்களின் பொருட்டும் கூடுவோமாக. அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.